அம்மா அப்பாவைக் கனடாவுக்கு எடுக்க: ஸ்பொன்சரா, சூப்பர் விசாவா?

வந்த கேள்வி, 2024 மே 22

அக்கா, 2020இல் அம்மா அப்பாவை ஸ்பொன்சர் பண்ணப் படிவம் நிரப்பினேன். இந்த ஆண்டு அழைப்பு நேற்றுத் தொடங்கிவிட்டதாம். என்னோடு வேலை செய்கிற பெடியனுக்கு வந்துவிட்டது. அவன் எனக்குப் பிறகுதான் நிரப்பினவன். முந்திப் போட்டவனுக்கு முதலிடம் இல்லையா? சூப்பர் விசா எடுத்தால் ஸ்பொன்சர் இடம் போய்விடும் என்று ஒரு ஏஜென்ட் வேறு சொல்கிறார். இரண்டு பேரும் அச்சுவேலியில் தனிய. எது நல்லது?

2024 மே 22, இரவு

முந்தி பிந்தி என்ற கதையே இதில் இல்லை. 2020 ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை, ஸ்பொன்சர் பண்ண விருப்பம் என்று சொல்கிற படிவம் திறந்திருந்தது. முதல் நாள் காலையில் போட்டவரும் கடைசி நாள் இரவு போட்டவரும் ஒரே சாக்குக்குள்தான். ஏறக்குறைய 2 லட்சம் பேர் போட்டார்கள். அந்தச் சாக்குக்குள் கைவிட்டுத்தான் ஒவ்வொரு ஆண்டும் குலுக்கலில் எடுத்து, விண்ணப்பம் போட அழைப்பு அனுப்புகிறார்கள்: 2022இல் 23,100, 2023இல் 24,200, இந்த முறை 35,700.

35,700 என்றதும் துள்ள வேண்டாம். அவர்களுக்குத் தேவை 20,500 விண்ணப்பம். அழைப்புப் போகிறவர்களில் பலர் விண்ணப்பம் போடமாட்டார்கள் என்று தெரிந்துதான் கூட்டி அனுப்புகிறார்கள். ஒருவருக்கு வருமானம் காணாது, ஒருவருக்கு அந்த மின்னஞ்சல் முகவரியே இப்போது இல்லை, ஒருவருக்கு எடுக்க வேண்டிய ஆள் உயிரோடு இல்லை. எங்கள் தெருவில் மூன்றாவது வகை ஒருவர் இருக்கிறார். அழைப்பு வந்தது, தாயாருக்கு ஆண்டுத் திவசம் முடிந்து இரண்டு மாதத்தில்.

நீங்கள் 2020இல் கொடுத்த மின்னஞ்சல் இன்னும் திறக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

சூப்பர் விசா எடுத்தால் ஸ்பொன்சர் போகும் என்பது சுத்தப் பொய். இரண்டும் வேறு வேறு: ஸ்பொன்சர் நிரந்தர வதிவிடத்துக்கு, சூப்பர் விசா பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கிப் போக. சூப்பர் விசாவில் வந்து இங்கே நிற்கும்போதே ஸ்பொன்சர் விண்ணப்பமும் ஓடலாம். அந்த ஏஜென்டிடம் இனிப் போக வேண்டாம்.

2024 மே 23

"எது நல்லது" என்பதற்கு நேற்றுப் பதில் சொல்லவில்லை. முதலில் வருமானத்தைப் பார்ப்போம். அது இல்லாவிட்டால் மிச்சக் கதை வீண்.

ஸ்பொன்சருக்கு மூன்று ஆண்டு வருமானம் கேட்பார்கள். இந்த ஆண்டு போடுகிறவர்களுக்கு 2021, 2022, 2023. பார்ப்பது ஒரே ஒரு இலக்கம்: வரி அலுவலகம் அனுப்புகிற நோட்டீஸ் ஒப் அசெஸ்மென்ட் கடதாசியில் 15000ஆவது வரி. மூன்று ஆண்டும், வீட்டு ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப வைத்த குறைந்தபட்ச வருமான எல்லையைத் தாண்ட வேண்டும். ஒரு ஆண்டு குறைந்து மற்ற ஆண்டு கூடினால் சராசரி பார்க்கமாட்டார்கள். சாதாரண எல்லைக்கு மேலே 30 வீதம் கூட்டித்தான் கணக்கு. கோவிட் காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டுக்கு மட்டும் அந்த 30 வீதத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

தலை எண்ணுவதில்தான் ஆட்கள் பிழைவிடுகிறார்கள். நீங்கள், மனைவி, பிள்ளைகள், வரப்போகிற பெற்றோர், அதோடு ஏற்கெனவே நீங்களோ மனைவியோ ஸ்பொன்சர் பண்ணிச் செலவுக்குப் பொறுப்பெடுத்து அந்தக் காலம் இன்னும் முடியாதவர்கள். எங்கள் வீட்டில் இவருடைய (என் கணவரின்) அம்மா அப்பாவை 2014இல் போட்டு எடுத்தோம். பொறுப்புக் காலம் 20 ஆண்டு. ஆகவே என்னுடைய அம்மா அப்பாவுக்குக் கணக்குப் பார்க்கும்போது நாங்கள் நாலு பேர், மாமா மாமி, அம்மா அப்பா, மொத்தம் எட்டு. எட்டுப் பேருக்கு 2023இன் எல்லை ஒரு லட்சம் டொலரைத் தாண்டும். ஆறு பேர் என்றால் 85 ஆயிரம் அளவு.

இங்கேதான் எங்கள் ஆட்களின் பெரிய சோகம். பெயின்ட் வேலை, கிளீனிங், கேட்டரிங், சொந்தமாகச் செய்கிறவர்கள் எத்தனை பேர். கையில் காசு வருகிறது, வரிக் கடதாசியில் 28 ஆயிரம். சொந்தத் தொழில் என்றால் செலவு கழித்த மிச்சம்தான் அந்த வரிக்குப் போகும். வரிக்காரருக்கு ஏழையாகவும் குடிவரவுக்காரருக்குப் பணக்காரனாகவும் ஒரே கடதாசியில் இருக்க முடியாது. பெற்றோரை எடுக்கிற யோசனை இருந்தால் மூன்று ஆண்டு முன்னரே முழுவதையும் காட்டி வரி கட்டத் தொடங்க வேண்டும். கூடக் கட்டுகிற வரியை ஸ்பொன்சர் செலவாக நினைத்துக்கொள்ளுங்கள்.

2024 மே 25

கீழே ஒருவர், "அண்ணனும் நானும் சேர்ந்து வருமானம் காட்டலாம், எங்கள் நண்பர் அப்படித்தான் செய்தார்" என்று எழுதியிருக்கிறார். முடியாது. கூடக் கையெழுத்து வைக்கக்கூடியவர் கணவனோ மனைவியோ, சட்டப்படி சேர்ந்து வாழ்கிற துணையோ மட்டும்தான். அண்ணன், தம்பி, அக்கா ஒருவரும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் இல்லை. உங்கள் நண்பர் வேறு ஏதோ செய்திருக்கிறார், அல்லது உங்களுக்குக் கதை விட்டிருக்கிறார்.

2024 ஜூன் 2

"அந்தக் காலத்தில் இப்படி லொத்தர் இல்லையே, எல்லோரும் எடுத்தார்களே" என்று மாமி அடிக்கடி சொல்வார். உண்மை. ஆனால் அந்தக் காலமும் வடிவாக இருக்கவில்லை.

வரிசையில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தேங்கிப்போய், 2011 நவம்பர் 5ஆம் திகதியோடு புது விண்ணப்பம் வாங்குவதையே நிறுத்தினார்கள். அப்போது குடிவரவு அமைச்சர் ஜேசன் கென்னி. கைக்கு மிட்டாய் மாதிரி அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி சூப்பர் விசாவைத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் அதை மதிக்கவில்லை. "விசிட்டர் விசாவுக்கு ஒரு பட்டுச் சட்டை" என்று இவர் சொன்னது நினைவிருக்கிறது.

2014 ஜனவரியில் திரும்பத் திறந்தபோது 5,000 விண்ணப்பம்தான். 10 ஆண்டாக இருந்த பொறுப்பை 20 ஆக்கியது, 30 வீதம் கூட்டியது, மூன்று ஆண்டுக் கணக்குக் கேட்டது எல்லாம் அந்த ஆண்டில்தான். அந்த 5,000க்குள் எங்கள் பொதியும் விழுந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் மிசிசாகா அலுவலக வாசலில் கூரியர்காரர் பனிக்குள் வரிசையில் நிற்க, அவர்களுக்கு நூற்றுக்கணக்கில் காசு கொடுத்த கூத்தெல்லாம் நடந்தது. 2017இல் குலுக்கல். 2019 ஜனவரி 28 நண்பகலில் ஒன்லைனில் திறந்து, பத்து நிமிஷம் அளவில் 27,000 இடமும் முடிந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முயன்றார்கள். கெதியாகத் தட்டச்சுச் செய்கிறவனுக்குத் தாய் தகப்பன், மற்றவனுக்கு இல்லை. கைநடுக்கம் உள்ளவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லாம் என்ன செய்வது என்று கேள்வி எழுந்து, வழக்கும் நடந்து, திரும்பவும் குலுக்கலுக்கு வந்தார்கள்.

ஆக, குலுக்கல்தான் இதுவரை பார்த்ததில் கொஞ்சம் நியாயமானது. இதை நானே சொல்கிறேன், எனக்கு இன்னும் விழாத நிலையில். எனக்குக் கோபம் குலுக்கலில் இல்லை. 2020க்குப் பிறகு சாக்கின் வாயைக் கட்டிவைத்திருப்பதில்தான். அதற்குப் பிறகு நிரந்தர வதிவிடம் கிடைத்தவன் என்ன பாவம் செய்தான்? அவன் இன்னும் சீட்டே வாங்கவில்லை.

2024 ஜூன் 16

இப்போது "எது நல்லது" என்பதற்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டும் இருப்பதால் எழுதலாம். மாமா மாமி 2017இல் நிரந்தர வதிவிடத்தில் வந்தவர்கள். அம்மா அப்பா சூப்பர் விசாவில் வந்து போகிறவர்கள்.

மாமிக்கு இங்கே பிடித்துவிட்டது. வந்த முதல் ஆண்டே முதியோர் சங்கம், கோயில், வெள்ளிக்கிழமைப் பஜனை, பஸ்ஸில் தனியப் போய்க் கத்தரிக்காய் விலை பார்த்து வருகிற அளவுக்கு ஆகிவிட்டார். முழங்கால் மாற்றினார், அரசாங்க மருத்துவத்துக்கான ஹெல்த் காட்டில். ஒரு சதம் கட்டவில்லை.

மாமாவுக்கு ஊரில் வளவு. கறுத்தக்கொழும்பான் மாமரம், கிணற்று மோட்டர், வேலிச் சண்டை. ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு, "ஒருக்காப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று போனவர் ஒரு ஆண்டுக்கும் மேலாக வரவில்லை. வந்தார், திரும்பப் போனார், கோவிட் வந்து அங்கேயே நின்றுவிட்டார். நிரந்தர வதிவிடக்காரர் ஐந்து ஆண்டுக்குள் 730 நாள் கனடாவில் நிற்க வேண்டும் என்பதை நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். அவர், "எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நிரந்தர வதிவிடக் காட் முடிய முன்னர் ஒருவாறு வந்து இறங்கினார். நாள் காணாது. காட் புதுப்பிக்கப் போட்டால் மாட்டுப்படுவார். ஆகவே நாள் சேரும்வரை அசையக்கூடாது என்று இவர் சொல்லிவிட்டார்.

ஃபிரிட்ஜில் தமிழ்க்கடைக் கலண்டர் ஒன்று தொங்கும், முருகன் படத்தோடு. மாமா காலையில் தேத்தண்ணி குடிக்க முன்னர் அதில் நேற்றைய நாளைச் சிவப்புப் பேனையால் வெட்டுவார். அட்டமி நவமி பார்க்கிற கலண்டரில் மறியற்காரர் மாதிரி நாள் வெட்டினார் மனுஷன். ஊரில் மாம்பழம் விழுகிற மாதத்தில் கலண்டரோடு பேசவே மாட்டார்.

ஹெல்த் காட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்ராறியோவில் எந்தப் 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாள் நிற்க வேண்டும். ஆகவே "காட் எடுத்து வைத்துக்கொண்டு ஊரில் இருக்கலாம், வருத்தம் வந்தால் வரலாம்" என்கிற எங்கள் ஆட்களின் திட்டம் நடக்காது.

அம்மா அப்பாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2022 ஜூலை 4இல் இருந்து சூப்பர் விசாவில் ஒருமுறை வந்தால் ஐந்து ஆண்டு வரை நிற்கலாம் (முன்னர் இரண்டு). விசா பத்து ஆண்டு வரை கொடுப்பார்கள். பங்குனியில் வந்து கார்த்திகையில் போகிறார்கள். ஒருவரும் நாள் எண்ணவில்லை.

ஆகவே தம்பி, என் எண்ணம்: உங்கள் அப்பாவும் மாமா மாதிரி என்றால் சூப்பர் விசா போதும். லொத்தர் விழவில்லை என்று அழ வேண்டாம்.

2024 ஜூலை 7

சூப்பர் விசாவை நான் கொஞ்சம் கூடப் புகழ்ந்துவிட்டேனோ என்று இவர் கேட்கிறார். சரி, இன்சூரன்ஸ் கதையையும் எழுதுகிறேன்.

குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு, குறைந்தது ஓராண்டுக்கு, கனடிய இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். இப்போது மாதாமாதம் கட்டுகிற வழியும் இருக்கிறது. வயது கூடக் கூடப் பிரீமியமும் ஏறும். முன்னரே ஊருக்குப் போனால், கிளெய்ம் ஒன்றும் பண்ணாதிருந்தால், மிச்ச மாதக் காசு பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். இதுவரை நல்ல கதை.

அப்பாவுக்குப் பிரஷர். "பிரஷரும் கவர் ஆகும்" என்று புரோக்கர் சொன்னார். பொலிசியில் அது கவர் ஆகிறது உண்மைதான், ஆனால் வருத்தம் 180 நாளாக மாற்றம் இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி. அப்பா வெளிக்கிட முன்னர் யாழ்ப்பாணத்தில் டொக்டரிடம் போனார், நல்ல பிள்ளையாக. டொக்டர், "குளிருக்குப் போகிறீர்கள், எதற்கும் கூட்டுவோம்" என்று குளிசையை 5 மில்லிகிராமில் இருந்து 10 ஆக்கிவிட்டார். அப்பாவுக்கு அது மாற்றம் என்றே தெரியாது. அதே குளிசை, அதே வெள்ளை நிறம்.

இங்கே வந்து ஒரு இரவு நெஞ்சு இறுக்கம். எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனோம். இதயத்துக்கு ஒன்றும் இல்லை, விடிய வீட்டுக்கு விட்டார்கள். பில் சில ஆயிரம் டொலர். கம்பனி ஊர் டொக்டரின் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, மருந்தின் அளவு மாறியிருக்கிறது, ஆகவே "ஸ்டேபிள்" இல்லை என்று கையை விரித்துவிட்டது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் தவணை முறையில் கட்டினோம். புரோக்கர் அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

இதில் இருந்து உங்களுக்கு வேண்டியது: பொலிசியில் அந்த நாள் எண்ணிக்கை 90ஆ 180ஆ என்று பாருங்கள். பயணத்துக்கு முன் மருந்து மாறினால் கம்பனிக்குச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். டொக்டர் மருந்தைக் கூட்ட வேண்டும் என்றால் கூட்டட்டும், அதைத் தடுக்கச் சொல்லவில்லை. பயணத்தைத் தள்ளிப் போடலாம்.

2024 ஜூலை 8

"உண்மையைச் சொல்லுங்கள் அக்கா, பெற்றோரை எடுப்பது பேபிசிட்டிங்குக்குத்தானே?" என்று ஒருவர்.

பாதி உண்மை. மற்றப் பாதி அம்மாவின் மீன்குழம்பு. ஆனால் சூப்பர் விசாவில் வந்தவர்கள் வேலை செய்யக்கூடாது. பேரப்பிள்ளையைப் பார்ப்பது வேலை இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காசுக்குப் பார்ப்பது வேலை. எங்கள் அம்மா இந்த வேறுபாட்டைக் கேட்டுவிட்டு, "அப்ப உங்கட பிள்ளையளுக்குத்தான் சம்பளம் இல்லையோ" என்றார்.

2024 ஒக்டோபர் 26

ஆண்டுக்கு எத்தனை பேரை எடுப்பது என்ற புதுக் குடிவரவுத் திட்டம் வந்துவிட்டது. பெற்றோர், தாத்தா பாட்டி என்ற பிரிவில் 2024க்கு 32,000 பேர் என்று வைத்திருந்தார்கள். 2025க்கு 24,500, 2026க்கு 21,500. குறைந்துகொண்டுதான் போகிறது. எல்லாப் பிரிவிலும் வெட்டியிருக்கிறார்கள், இதில் மட்டும் இல்லை. வீடு இல்லை, டொக்டர் இல்லை என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருக்கும்போது கிழவன் கிழவிக்காக யார் வாய் திறப்பார்கள்.

2025 ஜனவரி 5

வட்ஸ்அப்பில் "பெற்றோர் ஸ்பொன்சர் நிரந்தரமாக நிறுத்தம்" என்று ஓடுகிறது. பதற வேண்டாம். வந்த அறிவித்தல் இதுதான்: மறு அறிவித்தல் வரும்வரை புது விண்ணப்பம் ஏற்கமாட்டார்கள், 2024இல் அழைப்புக் கிடைத்துப் போட்டவர்களின் விண்ணப்பங்களில் 15,000 வரை இந்த ஆண்டு பார்ப்பார்கள். 2011இலும் நிறுத்தம் என்றுதான் சொன்னார்கள், திரும்பத் திறந்தது. அடுத்த மாதமே திறக்கும் என்று நான் சொல்லவும் இல்லை.

2025 ஜனவரி 30

நேற்று முன்தினத்தில் இருந்து சூப்பர் விசாவுக்கு வெளிநாட்டுக் கம்பனி இன்சூரன்ஸும் எடுபடும். உடனே மூன்று பேர், "கொழும்பில் மலிவாக எடுக்கலாமா?" பொறுங்கள். கனடாவின் நிதி நிறுவனக் கண்காணிப்பு அலுவலகம் அனுமதி கொடுத்த கம்பனியாக இருக்க வேண்டும், பொலிசியும் அந்தக் கம்பனி கனடாவில் நடத்துகிற வியாபாரத்தின் கீழ் எழுதப்பட்டிருக்க வேண்டும். கொழும்பில் கண்ட பொலிசியையும் இணைத்துவிட்டால் விசா மறுப்புக் கடதாசிதான் வரும்.

2025 மார்ச் 9

கடதாசிகள் பற்றிக் கேட்டவருக்கு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, கடவுச்சீட்டில் மூன்றாவது. இது எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதோடு எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான் பின்னால் வரும். ஆகவே அப்பாவின் கடைசிப் பெயரும் என் கடைசிப் பெயரும் வேறு, பிள்ளைகளுடையது மூன்றாவது. விண்ணப்பத்தோடு ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள், சத்தியக்கடதாசியும் வையுங்கள். ஒரு பக்கம் போதும்.

பத்திரமே இல்லாதவர்கள்: 2000இல் தென்மராட்சியை விட்டு ஓடினபோது எங்கள் வீட்டில் இருந்த எல்லாம் சாவகச்சேரியோடு போனது. பிரதேச செயலகத்தில் பதிவு இருந்தால் திரும்ப எடுக்கலாம், நாங்கள் எடுத்தோம். அப்பா படிப்பித்தவர் என்பதால் அங்கே இரண்டு மேசையில் பழைய மாணவர்கள். மற்றவர்களுக்கு எவ்வளவு நாள் போகும் என்று என் அனுபவத்தை வைத்துக் கணிக்க வேண்டாம்.

அது சரி, ஓய்வூதியக்காரரின் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றிதழ் போக வேண்டும். ரொறன்ரோவில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் அதற்கு வழி இருக்கிறது. அப்பா அதற்கு வேட்டி உடுத்து, திருநீறு பூசி, பேனை இரண்டு கொண்டு போவார். உயிரோடு இருப்பதைக் காட்டப் போகும்போது நன்றாக இருக்க வேண்டுமாம்.

2025 மே 18

கடந்த ஜூனில் எழுதினதைத் திரும்ப வாசித்தேன். "சூப்பர் விசா போதும்" என்று எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தை கூட்ட வேண்டும்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை. சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் அவசரத்துக்குத்தான், திட்டம் போட்டுச் செய்கிற சிகிச்சைக்கு இல்லை. இங்கே கையில் இருந்து கட்டுவது என்றால் எங்களால் முடியாது. ஆகவே சித்திரை வருஷத்தோடு இருவரையும் அனுப்பினோம். யாழ்ப்பாணத்தில் செய்தார்கள். இப்போது பேப்பர் வாசிக்கிறார், வாசித்துவிட்டு எங்களுக்கு அரசியல் சொல்கிறார்.

நன்றாக முடிந்தது. ஏன் நன்றாக முடிந்தது? ஊர் வீடு திறந்திருக்கிறது. தம்பி குடும்பம் அடுத்த வளவில். அம்மாவின் தங்கை நடக்கிற தூரத்தில். கண் கட்டோடு வந்தவருக்கு மூன்று வீட்டில் இருந்து சாப்பாடு போனது. அந்த வீடு பூட்டப்பட்டிருந்தால், தம்பியும் எங்காவது வெளிக்கிட்டிருந்தால், நான் என்ன செய்திருப்பேன்? சூப்பர் விசா திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறவர்களுக்குத்தான். வீட்டை விற்று, பிள்ளைகள் எல்லோரும் கனடாவில் என்று ஆன பிறகு, 78 வயதில் சிறுநீரகம் பழுதானால் அந்த விசாவால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு லட்சம் டொலர் பொலிசியும் செய்யாது.

ஆனால் அந்த நேரம் பார்த்து ஸ்பொன்சரும் செய்யாது. பெற்றோரின் மெடிக்கலில் "மிகையான சுமை" என்று ஒரு கணக்கு இருக்கிறது, இந்த ஆண்டுக்கு வருடம் 27 ஆயிரம் டொலர் அளவு. கணவன் மனைவி பிள்ளைகளுக்கு அந்த விதி இல்லை, பெற்றோருக்கு இருக்கிறது. சீனி வருத்தம், பிரஷர் எல்லாம் பெரும்பாலும் தாண்டாது. டயாலிசிஸ் தாண்டும். ஆக, நல்ல சுகமாக இருக்கும்போதுதான் உள்ளே எடுக்க வேண்டும், அப்போது அவர்களுக்கு வர மனமில்லை.

ஆகவே மாற்றிச் சொல்கிறேன். குலுக்கலில் விழுந்தால் விடவேண்டாம், மாமா மாதிரி ஆளாக இருந்தாலும். கலண்டரில் வெட்டிக்கொண்டாவது இருக்கட்டும். விழாவிட்டால் ஊர் வீட்டை விற்க வேண்டாம். "காணிக்கு நல்ல விலை போகுது" என்று பிள்ளைகள் விற்கச் சொல்கிறது எனக்குத் தெரிந்த எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது.

2025 மே 19

"வீட்டை வைத்திருக்கச் சொல்ல உங்களுக்கு இலகு, பராமரிக்கிறது யார்?" நியாயமான கேள்வி. எங்களுக்குத் தம்பி இருக்கிறான். ஒருவரும் இல்லாவிட்டால் ஒரு அறையையும் குசினியையும் பூட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை நல்ல குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுங்கள். வாடகைக்காசை எதிர்பார்த்து அல்ல, கிணறு இறைபட.

2025 ஜூலை 29

நல்லூர்த் திருவிழா தொடங்குகிற நேரம் பார்த்துத் திறந்திருக்கிறார்கள். நேற்றில் இருந்து 17,860 அழைப்பு, 10,000 விண்ணப்பம் எடுக்க. இதுவும் அதே 2020 சாக்குத்தான். இரண்டு கிழமை அளவில் அனுப்பி முடிப்பார்களாம். எங்களுக்கு இதுவரை இல்லை. அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "தேர் முடியாமல் நான் எங்கையும் வரமாட்டன், அவையிட்டச் சொல்லு" என்கிறார்.

2025 ஓகஸ்ட் 3

தொடங்கின தம்பிக்கு விழுந்துவிட்டது! இந்த இழையில் உருப்பட்ட ஒரே ஆள்.

நீங்கள், மனைவி, மகள், அம்மா, அப்பா, ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை 2022, 2023, 2024. கோவிட் சலுகை ஆண்டு ஒன்றும் இதில் இல்லை, மூன்றுக்கும் 30 வீதம் சேரும். ஐந்து பேருக்கு 2024இன் எல்லை 80 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். மனைவியையும் கூடக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள், உங்கள் ஒருவர் சம்பளத்தை நம்ப வேண்டாம். 20 ஆண்டுக்கு அவருக்கும் அது கடமை. பெற்றோர் அரசாங்க உதவிப்பணம் எடுத்தால் இரண்டு பேரும் திருப்பிக் கட்ட வேண்டும், பிரிந்து போனாலும் கட்ட வேண்டும். சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்பாவின் கடவுச்சீட்டு எப்போது முடிகிறது? இரண்டு பேரின் பொலிஸ் ரிப்போட்டுக்கு இன்றைக்கே போடுங்கள். மெடிக்கலுக்கு மட்டும் அவர்கள் கேட்கும்வரை பொறுங்கள், முந்திச் செய்தால் காலாவதியாகித் திரும்பக் கொழும்புக்கு ஓட வேண்டி வரும்.

சூப்பர் விசா இருக்கிறதுதானே. முடிவு வரும்வரை அதில் வந்து நிற்கலாம். இன்சூரன்ஸ் தொடங்குகிற திகதியை விமானம் இறங்குகிற நாளுக்குப் போடச் சொல்லுங்கள், வாங்குகிற நாளுக்கு அல்ல. புரோக்கர் தேவை என்றால் என்னிடம் கேட்க வேண்டாம்.